ஆகட்டும் நானா

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் மீரா சாகிபுவின் வாப்பா நடத்திய கடையில் எல்லாச் சரக்கும் உண்டு, 'இல்லை' என்ற சொல் மட்டும் கிடையாது. யாராவது வந்து யானைக்கு லாடம் கேட்டாலும் வாப்பா முகம் மாறாமல், "சாயங்காலம் வாங்க, வண்டி வருது" என்பார். வந்தவர் லாடத்தை மறந்து, ஒரு படி மிளகும் ஒரு முழக் கயிறும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். அந்தப் பாடத்தைத்தான் மீரா சாகிபு கப்பலேறியபோது பெட்டியில் துணிக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு மலாயாவுக்கு வந்தார். அவர் வாயில் அது 'ஆகட்டும்' என்று சுருங்கிவிட்டது.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஆற்றை ஒட்டி உள்ளே போனால் வாத்துக்காரன் தோட்டம் என்ற ரப்பர் தோட்டம். எந்தக் காலத்திலோ ஒரு துரை வாத்து வளர்த்தாராம். வாத்தும் போய் துரையும் போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே மீரா சாகிபுவுக்கு ஒரு கடை. முன்னால் மளிகை, நடுவில் தேத்தண்ணிக் கடை, பின்னால் அவரும் மனைவி மெகராஜ் பேகமும் குடியிருக்கும் அறை. உதவிக்கு இருந்த மச்சினன் நஜ்முதீன், கெர்லிங்கில் சொந்தக் கடை போட்டுப் போனதிலிருந்து கடைக்கு அவர் ஒருவர்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் ஆட்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்பார்கள். அவருக்கு அது மரியாதை, அவர்களுக்கு அது கடன் கேட்க வசதி.

அப்போது அவசரகாலம். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தது. காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் இடுப்பில் ஒரு பிடி அரிசி முடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே வாசல் காவலர்கள் வெளியே விடுவார்கள். கடையில் டின் சாமான் விற்றால், அந்த இடத்திலேயே டின்னில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை விழுந்த டின் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் அல்லவா? அதற்காக மீரா சாகிபு தராசுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியும் சுத்தியலும் வைத்திருந்தார்.

சுதந்திரம் வரப்போகிறது என்று கோலாலம்பூரில் பேச்சு அடிபட்ட சமயத்தில் இன்னோர் உத்தரவு வந்தது. இனி எந்த வீட்டிலும் வேகாத அரிசி இருக்கக்கூடாது. லயத்து ரேஷன் அரிசி முழுவதும் ஒரே கொட்டகையில் வெந்து, சோறாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். குழம்பு அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய துரை மீரா சாகிபுவைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்திலேயே தமிழ் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர் அவர். எந்த வாக்கியத்தையும் நாலைந்து சொல்லில் முடித்துவிடுவார்.

"மீரா, நீ கந்தூரிக்கு ஆக்குற ஆளு. லயத்துக்கும் ஆக்கு."

"ஆகட்டும் தொர."

முதல் நாள் ஒரே தேக்சா, பெரிய அண்டா. தர்கா கந்தூரிக்கு ஊருக்கே ஆக்கிப் பழகிய கை. துடுப்பைப் போட்டு இரண்டு புரட்டு, சோறு பூப்பூவாக நின்றது. 'இவ்வளவுதானே' என்று மீரா சாகிபு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முகத்தைத் துடைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் வேலம்மா வந்தாள். பால் வெட்டும் பெண்களில் கத்தியும் கூர், வாயும் கூர்.

"நானா, ஒங்க சோத்துல ஒரு பருக்கையும் இன்னொரு பருக்கையும் சண்ட போட்டுக்கிட்ட மாதிரி வெலகி நிக்குது. எங்க சின்னது பல்லு மொளைக்காதது, எப்படி முழுங்கும்? கொழைவா ஒரு சட்டி ஆக்கிக் குடுங்களேன்."

"ஆகட்டும் தாயி."

ஆட்களை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் செல்லையா வந்தார். அவருக்கு இதற்கு நேர் எதிராக வேண்டும். "இன்னும் ஒரு கொதிக்கு முன்னாடி எறக்கணும் நானா. அள்ளினா உதிரணும். கொழைஞ்ச சோத்தத் தின்னுட்டு நான் எப்படி ஆளுங்கள வேல வாங்குறது?"

"ஆகட்டும் மண்டோரே."

நவமணிக்கு விரதம், கவிச்சி படாத பானை வேண்டும். நல்லம்மாளுக்கு வடிகஞ்சி வேண்டும், புருஷன் சட்டைக்குப் பாதி, ஆட்டுக்குப் பாதி. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்தார், கொட்டகை வாசலில் குடையை ஊன்றி நின்று, "இஞ்ச பாரும், எனக்கு இந்த வெள்ளைச் சோறு சரிவராது காணும். சிவத்தப் புழுங்கலரிசி எடுத்துத் தனிய அவிச்சுத் தாரும்" என்றார். அத்தனைக்கும் 'ஆகட்டும்'தான்.

'ஆகட்டும்' என்ற சொல்லுக்கு வாயில் கனம் தெரியாது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கையில் ஏறும்போதுதான் தெரியும். ஒரு தேக்சா பதினோரு பானை ஆயிற்று. பதினோரு பானைக்கு அடுப்பு, அடுப்புக்கு விறகு, பானைக்குத் தண்ணீர், வெந்ததும் இறக்க ஓர் ஆள், ஆறியதும் தேய்க்க ஓர் ஆள். எல்லா ஆளும் மீரா சாகிபுவே. நடுவில் கடையில் ஒருவர் சீயக்காய் கேட்பார், ஒருவர் தேத்தண்ணி கேட்பார். ஒரு நாள் உலை கொதிக்கிற பானையில் தேயிலையைக் கொட்டிவிட்டார். கிராணியின் அரிசிக்கு உப்பை இரண்டு தடவை போட்டார். கண்ணை மூடினால் பானைகள் வரிசையாக வந்து நின்று, "அப்ப எனக்கு?" என்று கேட்டன.

லயத்தில் அவருக்கு 'ஆகட்டும் நானா' என்று பெயர் விழுந்தது.

"தூக்கத்துலகூட அதத்தான் சொல்றீங்க" என்றாள் மெகராஜ் பேகம். "நேத்து நான் 'ஒரு ரெட்ட வடச் சங்கிலி வாங்கித் தாங்க'ன்னேன். ஆகட்டும்னீங்க. 'நஜ்முதீனுக்கும் ஒண்ணு'ன்னேன். அதுக்கும் ஆகட்டும்."

"சொன்னா சொன்னதுதான்" என்றார் மீரா சாகிபு, காதில் வாங்காமலேயே.

இத்தனைக்கும் அவர் ஏமாந்த சோணகிரி அல்ல. செகிஞ்சானிலிருந்து லோரியில் கருவாடு கொண்டுவரும் சீன முதலாளியிடம் அவர் விலை பேசுவதைப் பார்க்க லயமே கூடும். பாதி விலையில் ஆரம்பித்து, வேண்டாம் என்று இரண்டு தடவை நடந்து போய், முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். ஆனால் அது சரக்கு. தன் கையையும் காலையும் அவர் ஒரு நாளும் சரக்காக நினைத்ததில்லை. அதனால் அவற்றை நிறுக்காமல் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விளைவு, காலைச் சோறு தாமதம். சோறு தின்னாமல் ஆட்கள், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரமாட்டார்கள். பெரட்டு தாமதமானால் மரத்துக்குப் போவது தாமதம். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். புதன்கிழமை துரை நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"மீரா. சோறு லேட். பெரட்டு லேட். பாலு லேட்."

"நாளையிலேருந்து சரியாப் போயிரும் தொர."

"நாளைக்கு பாக்குறேன். வெள்ளிக்கிழமையும் பாக்குறேன். வெள்ளிக்கிழமை லேட்டுன்னா, கோலா சிலாங்கூர்லேருந்து வேற காண்ட்ராக்டர் வருவான். வேலிக்குள்ள ஒரு லைசென்ஸ்தான். சோறும் அவனுக்கு, கடையும் அவனுக்கு."

துரை அவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை. மீரா சாகிபுவின் வாய் திறந்தது. பழக்கதோஷத்தில் "ஆகட்டும்" என்றே சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமைக் காலையும் தாமதம்தான். மண்டோரின் பானையும் வேலம்மாவின் பானையும் அடுப்பு மாறிப்போயின. மண்டோருக்குக் கூழும் குழந்தைக்குக் கல்லும் கிடைத்தன. துரை தூரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் மீரா சாகிபு கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். பானைகள் தேய்க்கக் கிடந்தன. விறகு பிளக்கக் கிடந்தது. மாலைச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும். எதை முதலில் தொடுவது என்று யோசித்தார். ஒன்றைத் தொடப் போனால் மற்றது கூப்பிட்டது. எழுந்து நின்று, மறுபடியும் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்துக் கடை நாளைக் காலையோடு போய்விடும் என்பது தெரிந்தும், கை மட்டும் மடியைவிட்டு அசையவில்லை.

அப்போது லயத்து ஆள் முருகையா வந்தான்.

"நானா, ஒரு பால் டின்னு."

மீரா சாகிபு புதுப் பெட்டியை உடைத்தார். ஒரு டின்னை எடுத்து, ஆணியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. டக். பால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

என்ன ஆச்சரியம்! ஒரு தட்டு, ஒரு துளை, வேலை முடிந்துவிட்டது. பாதியில் நிற்கவில்லை, குழையவில்லை, யாரும் வந்து இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. அந்த வாரத்தில் அவர் தொட்டு முடித்த முதல் வேலை அது. அடுத்த டின்னை எடுத்தார். டக். அடுத்தது. டக். டக்.

முருகையா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "நானா... நான் ஒண்ணுதான் கேட்டேன்."

"ஆகட்டும்" என்றார் மீரா சாகிபு. டக்.

சத்தம் கேட்டு மெகராஜ் பேகம் உள்ளேயிருந்து வந்தபோது பெட்டி முழுவதும் முடிந்திருந்தது. மேசைமேல் டின்கள் வரிசை வரிசையாக நின்று பால் கசிந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது? நம்ம கடையில இத்தன பேருக்குக் காதுகுத்துக் கல்யாணமா?"

மீரா சாகிபு டின்களைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முருகையாவும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபோது மீரா சாகிபுவின் கண் கலங்கியிருந்தது. அதை மெகராஜ் பேகம் மட்டும்தான் பார்த்தாள். அவள் முருகையாவின் கையில் டின்னைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கணவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வாப்பா அதிராம்பட்டினத்தில் ஜவுளிக் கடைக்காரர். பேரத்தில் அவள் முன்னால் மீரா சாகிபு கால்படி.

"நாளைக்குள்ள இது புளிச்சுப் போயிரும். என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல பேகம். எனக்கு ஒண்ணும் தெரியல. எத மொதல்ல செய்யன்னே தெரியல."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். அந்தக் கருவாட்டுக்காரன் வந்து, 'கருவாடு சும்மா, எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கோ'ன்னா நீங்க எவ்வளவு அள்ளுவீங்க?"

"லோரியோட அள்ளுவேன்."

"வெல சொன்னா?"

"தேவைக்கு வாங்குவேன்."

"அவ்வளவுதான்" என்றாள் மெகராஜ் பேகம். "ஒங்க கைய நீங்க சும்மா குடுத்தீங்க, லயமே லோரி கொண்டாந்து ஏத்திட்டுப் போகுது. அவங்க மேல என்ன தப்பு? வெல சொல்லுங்க."

"ரேஷன் சோத்துக்கு வெல சொன்னா தொர ஜெயில்ல போட்டுருவாரு."

"காசா கேக்கச் சொன்னேன்? சோறு கொட்டகையில வேகணும்னுதான் சட்டம். யாரு கிண்டணும்னு சட்டத்துல இருக்கா?"

மீரா சாகிபு சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஆட்கள் ரப்பர் பாலைக் கொட்டிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் கொட்டகையிலிருந்து ஏலக்காய் மணம் லயம் முழுவதும் போயிற்று. பெரிய தேக்சாவில் ஜவ்வரிசிப் பாயசம். ஒரு பெட்டிப் பாலும் அதற்குள் இறங்கியிருந்தது. டம்ளரும் சட்டியுமாக ஜனம் கூடிவிட்டது. மீரா சாகிபு அகப்பையைப் பிடித்தபடி, கருவாட்டு லோரியிடம் போகும்போது முகத்தில் வருமே, அந்தக் களையோடு நின்றார்.

"பாயாசம் எல்லாருக்கும் உண்டு. ஆனா அதுக்கு முன்னாடி நாளைக் காலைச் சோத்தப் பத்திக் கொஞ்சம் யாவாரம் பேசணும். நாளைக்கு லேட்டானா கடையும் போச்சு, நானும் போனேன். ஒரு தேக்சா சோறு நான் ஆக்குவேன். அது எல்லாருக்கும் பொது. அதுக்கு மேல தனிப் பானை வேணும்னா, அதுக்கு வெல உண்டு."

"என்னாது? ரேஷன் அரிசிக்கு வெலயா?" வேலம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"காசு வேணாம் தாயி. ஒனக்குக் கொழைவுச் சோறு வேணும். கொழைவுன்னா கூட நேரம் கிண்டணும். யாரு கிண்டறது?"

"நான் ஒரு கொடம் தண்ணி கொண்டாறேன்."

"ஒரு கொடமா! அதுல அந்தப் பாப்பாவுக்கு வாய்கூடக் கொப்புளிக்க முடியாது."

"ரெண்டு கொடம்."

"வேணாம் போ" என்று மீரா சாகிபு திரும்பி, பாயசத்தைக் கிண்டினார்.

கூட்டம் கலகலத்தது. வேலம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி லா நானா, என் பானைய நானே கிண்டிக்கிறேன். போதுமா?"

"கூடவே பெரிய அடுப்பையும் பத்த வச்சிரு."

"அது என்ன கொசுறா?"

"கொசுறுதான்."

"யாவாரி புத்தி!" என்று சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினாள். பேரம் படிந்துவிட்டது.

நவமணி தன் விரதப் பானையைத் தானே வைத்து, தானே தேய்த்து, கூடவே இரண்டு பானை தேய்ப்பது என்று முடிவாயிற்று. நல்லம்மாள் வடிகஞ்சிக்காகச் சோறு வடித்துப் பரிமாறும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஆட்டையும் கணக்கில் சேர்த்து இன்னும் ஏதாவது வாங்க மீரா சாகிபு பார்த்தார், அவள் மசியவில்லை.

மண்டோர் செல்லையா மீசையை நீவினார். "நான் மண்டோரு. நான் வந்து வெறகு பொளக்கிறத ஆளுங்க பாத்தா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?"

"கொட்டகைக்குப் பின்னால பொளங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"சத்தம் கேக்குமே?"

"முருகையா பொளக்கிறான்னு சொல்லிருவோம்."

"அப்ப பேரு எனக்கா?" என்று கூட்டத்திலிருந்து முருகையா கத்தினான். "எனக்கு ரெண்டு டம்ளர் பாயாசம் குடுக்கணும் அப்ப!" அதுவும் நியாயமாகப்பட்டது, கொடுத்தார்.

கடைசியில் கிராணி கார்த்திகேசு. குடையை ஊன்றி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர புழுங்கலரிசிக்கு என்ன விலை காணும்?"

"அடுப்பு ஊதணும் கிராணி ஐயா. புழுங்கலுக்கு எரிப்பு அதிகம். கண்ணுல கொஞ்சம் பொக வரும்."

கிராணி தன் வெள்ளைக் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். கொட்டகை அடுப்பைப் பார்த்தார்.

"யோசிச்சுப் பார்த்தா, உந்த வெள்ளைச் சோறும் அவ்வளவு மோசமில்லை" என்றார்.

அவரைப் பார்த்து இன்னும் சிலர் தங்கள் பானைகளை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சூடாக வேண்டும் என்றவர், அடியில் சற்றுத் தீய்ந்திருந்தால் ருசி என்றவர், எல்லோருக்கும் திடீரென்று பொதுச் சோறே பிடித்துப்போய்விட்டது. பதினோரு பானை நாலு பானையாக நின்றது. பாயசமும் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை மீரா சாகிபு விடியுமுன் எழுந்து சுபுஹு தொழுதார். தொழுத பாயிலேயே ஒரு நொடி சாய்ந்தார். கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பேகம்! எழுப்பக்கூடாதா?"

"எழுப்புறதுக்கு என்ன வெல பேசினீங்க?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். அங்கே அடுப்புகள் எரிந்து அடங்கியிருந்தன. கொட்டகைக்குப் பின்னால் பிளந்த விறகு அடுக்கி வைத்திருந்தது. மண்டோர் ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலம்மா துடுப்பைத் தூக்கிக்கொண்டு, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். பாதி லயம் சாப்பிட்டே முடித்துவிட்டது. மீரா சாகிபு முன்னால் போகப் பார்த்தார்.

"நானா, வரிசையில வாங்க" என்றது ஒரு குரல். வரிசையின் கடைசிக்குப் போனார்.

துரை வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொட்டகையைச் சுற்றி வந்தார்.

"சோறு லேட் இல்லே. மீரா எங்கே?"

எல்லோரும் வரிசையின் கடைசியைக் காட்டினார்கள். வெறுந்தலையும் கசங்கிய கைலியுமாக, கையில் ஒரு சட்டியோடு மீரா சாகிபு நின்றார். துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"காண்ட்ராக்டர் வேணாம். கடை உனக்கு." இரண்டடி போனவர் திரும்பினார். "மீரா, ஞாயித்துக்கிழமை பங்களாவுக்கு ஆளு வருது. பிரியாணி ஆக்கு."

மீரா சாகிபுவின் வாய் திறந்தது. "ஆ..."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேலம்மாவின் துடுப்பு அந்தரத்தில் நின்றது.

"...ஆக்கலாம் தொர. கொட்டகைக்குத் தோட்டத்து லோரியில வெறகு வேணும். பொளந்த வெறகு."

துரைக்கு இது புதுசு. "வெறகு தாறேன். பொளக்காத வெறகு."

"பாதி பொளந்தது."

"சரி" என்றார் துரை, அதைச் சொன்ன பிறகுதான் தான் பேரத்தில் மாட்டிக்கொண்டது தெரிந்தவர் போல. பெரட்டு மணி அடித்தது. எல்லோரையும்விட நிம்மதியாகச் சிரித்தவர் மண்டோர் செல்லையாதான்.

வரிசை நகர்ந்தது. கடைசி ஆளாக மீரா சாகிபு தேக்சாவுக்கு முன்னால் வந்து நின்றார். நல்லம்மாள் அகப்பையைத் தூக்கினாள். அடிச்சோறு கொஞ்சம் குழைந்திருந்தது.

"அந்த ஓரத்துல பொலபொலன்னு இருக்கே தாயி, அதுல ரெண்டு அள்ளிப் போடேன்."

"ஆகட்டும் நானா" என்றாள் நல்லம்மாள். ஆனால் அகப்பை அசையவில்லை. கண்ணால் பெரிய தேக்சாவைக் காட்டினாள். அடியில் பிடித்து, கரியேறி, ஓர் ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டிய நிலையில் அது இருந்தது.

மீரா சாகிபு தேக்சாவைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். போய்விடுகிறவர் போலப் பாதி திரும்பினார். பிறகு, வாப்பா சொல்லிக்கொடுத்தபடி, எவ்வளவு குறைவாக ஆரம்பிக்க முடியுமோ அவ்வளவு குறைவாக ஆரம்பித்தார்:

"மூடிய மட்டும் தேச்சுத் தாறேன்."